புங்கமரத்துக்குப் போன தண்ணீர்

பச்சை விளக்கு எரிந்தால் பயப்பட வேண்டாம் என்று இந்தப் பத்து வருடத்தில் ஆயிரம் தாய்மார்களுக்காவது சொல்லியிருப்பாள் செண்பகவல்லி. குழந்தைகள் மருத்துவமனையின் காய்ச்சல் வார்டில் அவள்தான் மூத்த நர்ஸ். அழுகிற தாயின் தோளைத் தொட்டு, பிள்ளையின் முன்கையில் கட்டியிருக்கிற பட்டியைக் காட்டுவாள். "இந்தா பாருங்க, பச்சை எரியுதா? பச்சைன்னா ஒண்ணுமில்ல. போய் ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாங்க" என்பாள். அவர்களும் நம்பிப் போவார்கள்.

இன்று ஐந்தாம் கட்டிலில் அவள் மகளே படுத்திருந்தாள். பட்டியில் பச்சைதான் எரிந்தது. ஆனால் செண்பகவல்லி அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை.

பகல் இரண்டு மணி. தன்ஷிகாவுக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. டெங்கு என்று உறுதியாகி இது ஐந்தாம் நாள். காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டில் இருக்கிறவர்கள் அப்பாடா என்று மூச்சுவிடுகிற நேரம் அது. இந்த வார்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு அதுதான் பயப்பட வேண்டிய நேரம். காய்ச்சல் விட்ட அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்தில்தான் இந்த நோய் தன் வேலையைக் காட்டும்.

பக்கத்துக் கட்டிலுக்கு அன்று காலையில்தான் ஒரு தாய் நான்கு வயது மகளோடு வந்து சேர்ந்திருந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள் போலும், விரல் நுனியெல்லாம் மருந்துக் கறை. அவள் பட்டியையே வெறித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"சிஸ்டர், இது என்னத்தப் பாக்குது?"

நூறு தடவை சொன்ன பதில்தான். மகளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் செண்பகவல்லி சொன்னாள். "ரத்தக்குழாய் மண்பானை மாதிரிம்மா. நல்லா இருக்கையில லேசாக் கசியும், கசிஞ்சது திரும்பி வந்துரும். இந்தக் காய்ச்சல்ல பானை ரொம்பக் கசிய ஆரம்பிச்சிரும். ரத்தத்துல உள்ள தண்ணியெல்லாம் சதைக்குள்ள, வயித்துக்குள்ள இறங்கிரும். ரத்தம் கெட்டியாகி ஓட மாட்டாம நிக்கும். ரத்தத்துல எவ்வளவு தண்ணி, சதையில எவ்வளவு தண்ணின்னு பட்டி நிமிஷத்துக்கு நிமிஷம் பாக்குது. கசிவு கூடுனா மஞ்சள் எரியும். ரொம்பக் கூடுனா சிவப்பு எரியும். சிவப்பு வந்தா, இந்தப் பம்ப் தானாவே தண்ணி ஏத்த ஆரம்பிச்சிரும்."

"கூடிட்டுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"நோய் நொடி இல்லாத பிள்ளைகளுக்கு எவ்வளவு இருக்கும்னு ஒரு அட்டவணை அதுக்குள்ள இருக்கு. பொம்பளப் பிள்ளைக்குத் தனி, ஆம்பளப் பிள்ளைக்குத் தனி. அதோட ஒத்துப் பாக்கும்."

"அந்த அட்டவணைய யாரு போட்டா?"

மற்ற நாளாக இருந்தால் செண்பகவல்லிக்கு இந்த இடத்தில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்க்கும். "நாங்கதான் போட்டோம். பதினாலு வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துலதான் முதல் அளவு எடுத்தது. நானே எடுத்தேன்" என்றாள். இன்று அந்தப் பெருமை வரவில்லை. மகளின் உள்ளங்காலைத் தொட்டாள். காலையில் கதகதப்பாக இருந்த கால் இப்போது ஜில்லென்றிருந்தது.

"தன்ஷி, என்னம்மா செய்யுது?"

"வயிறு வலிக்குதும்மா." பிள்ளை புரண்டு படுத்தாள். மறுபடி புரண்டாள். காலை ஏழு மணிக்குப் பிறகு அவள் ஒன்றுக்கே போகவில்லை என்பது செண்பகவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் பிரதாபனைக் கூப்பிட்டாள். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து ஏழு மாதம் ஆன இளைஞர். நல்லவர், கோபம் வராதவர், எதையும் இரண்டு தடவை பார்க்கிறவர். பட்டியை இரண்டு தடவை பார்த்தார். ரத்தப் பரிசோதனைத் தாளையும் பார்த்தார். அந்தத் தாளும் அதே அட்டவணையை வைத்துத்தான் 'இயல்பு' என்று அச்சடித்திருந்தது.

"பச்சைதான் சிஸ்டர். நீங்களே இப்படிப் பயந்தா மத்தவங்க என்ன செய்வாங்க?"

"கால் சில்லுன்னு இருக்கு சார். கொஞ்சம் தண்ணி ஏத்திப் பாக்கலாமா?"

"ஏசி ஓடுது, அதனால இருக்கலாம். கசிவு இல்லாத குழந்தைக்கு அவசரப்பட்டுத் தண்ணி ஏத்தினா அது எங்க போய் நிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? நுரையீரல்ல போய் நிக்கும். நான் வந்த புதுசுல அந்தப் பையன் மூச்சு முட்டிக் கிடந்தானே, மறந்துட்டீங்களா?"

அவள் மறக்கவில்லை. யாரோ பதற்றத்தில் பட்டியை மீறிக் கையால் பம்பைத் திருகியதால் வந்த வினை அது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

அவர் போன பிறகு அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் அந்தப் போஸ்டர். பெண் குழந்தையையும் காலம் தாழ்த்தாமல் கொண்டு வாருங்கள் என்று பெரிய எழுத்தில் போட்டு, ஒரு சிறுமி சிரித்துக்கொண்டிருப்பாள். இந்தக் காய்ச்சலில் சாகிற பிள்ளைகளில் மூன்றுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். ஏன் என்று யாரும் மண்டையைக் குழப்பிக்கொள்ளவில்லை. பெண் என்றால் வீட்டில் மெத்தனம், கடைசி நேரத்தில்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். போன வருடம் இதே ஐந்தாம் கட்டிலில் அனுசியா என்று ஒரு பிள்ளை கிடந்தது. கடைசி வரை பச்சை. பிறகு மஞ்சளே எரியாமல் நேராகச் சிவப்பு. பம்ப் ஓடியது, ஆனால் உடம்பு அதை வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளையின் தாய் இசக்கியம்மாளைப் பார்த்து, "பொம்பளப் பிள்ளையத் தூக்கிட்டு வர உங்களுக்கு நாலு நாளா?" என்று வார்டே கேட்கும்படி கத்தியவள் இதே செண்பகவல்லிதான்.

இல்லை, காய்ச்சல் கண்ட அன்றைக்கே கொண்டு வந்தோம் என்று இசக்கியம்மாள் சொன்னாள். அப்படித்தானே எல்லோரும் சொல்வார்கள்.

தன்ஷிகாவுக்குக் காய்ச்சல் கண்டது திங்கட்கிழமை. மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. யூனிபாரமும் புத்தகப்பையுமாக அப்படியே ஸ்கூட்டியில் ஏற்றி, மூன்றரைக்கு இந்த வார்டுக்குக் கொண்டு வந்துவிட்டாள். அரை மணி நேரம்கூடத் தாமதிக்கவில்லை. அப்படியிருந்தும் கால் ஜில்லென்றிருந்தது. போஸ்டர் சொல்கிற காரணம் இங்கே செல்லாது.

பிள்ளையின் நெற்றி வேர்த்திருந்தது. துடைக்கத் துண்டைத் தேடினாள். திங்கட்கிழமையிலிருந்து கட்டிலுக்கு அடியில் கிடந்த புத்தகப்பையில் ஒரு கைத்துண்டு இருக்கும் என்று இழுத்தாள். பை கனத்தது. துண்டுக்கு மேலே எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். ஒரு லிட்டர் பிடிக்கும். தினமும் காலையில் அவளே நிரப்பிக் கொடுப்பாள். மூடியைத் திறந்தாள். கழுத்து வரை தண்ணீர்.

அவளுக்குப் புரியவில்லை. காலை எட்டரைக்குப் போன பிள்ளை மூன்று மணி வரை ஒரு மடக்குக் குடிக்கவில்லையா? ஆனால் தினமும் சாயங்காலம் பாட்டில் காலியாகத்தானே வீட்டுக்கு வருகிறது! சமத்துப் பிள்ளை, சொல்லாமலே குடித்துவிடுகிறது என்று புருஷன் பேச்சிமுத்துவிடம் போனில் பீற்றிக்கொண்டது எத்தனை தடவை. நாக்பூருக்கு லாரியில் லோடு அடிக்கப் போயிருக்கிற அவனும் அதைக் கேட்டுப் பூரித்துப்போவான்.

"தன்ஷி, இங்க பாரு. அன்னைக்குத் தண்ணி குடிக்கலையாட்டி?"

பிள்ளை கண்ணைப் பாதி திறந்தாள். திருட்டுத்தனம் பிடிபட்ட முகம். "திட்டாதம்மா. பெல் அடிச்சதும் மரத்துக்கு ஊத்திருவேன். நீ கூப்பிட வந்துட்டியா, அதான் ஊத்தல."

"எந்த மரத்துக்கு?"

"கேட்டுப் பக்கத்துப் புங்கமரம். எல்லாப் பொண்ணுங்களும் அதுலதாம்மா ஊத்துவோம்." நாக்கு ஒட்டிக்கொள்ள நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "குடிச்சா பாத்ரூம் வரும்ல."

செண்பகவல்லி பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள்.

அந்தப் புங்கமரம் அவளுக்குத் தெரியும். அவளும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். கரிசல் வெயிலில் மைதானத்தில் புல் பூண்டு எல்லாம் கருகிக் கிடக்கும்போது அந்த ஒரு மரம் மட்டும் குளுகுளுவென்று நிற்கும். அவளும் தினமும் நாலு மணிக்கு அங்கே பாட்டிலைக் கவிழ்த்தவள். பெண்பிள்ளைகள் கழிப்பறையின் கதவு கீல் விட்டுத் தொங்கியது. பிறகு புதிதாகக் கட்டினார்கள், கட்டியதும் பூட்டினார்கள். சாவி தலைமையாசிரியை மேஜையில் இருக்கும், அதிகாரிகள் வந்தால் திறப்பார்கள். பையன்கள் குழாயில் வாய்வைத்துக் குடித்துவிட்டுச் சுவருக்குப் பின்னால் போய் வந்தார்கள். பெண்கள் குடிக்காமல் இருந்தார்கள். தலை பின்னுவது போல, பாவாடை இழுத்துவிட்டுக்கொள்வது போல அதுவும் ஒரு பழக்கம். அதை யாரும் யாரிடமும் சொன்னது கிடையாது.

பதினான்கு வருடத்துக்கு முன்னால், நர்ஸிங் முடித்த கையோடு அவள் பட்டிகளை எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஆரோக்கியமான பிள்ளைகள் நானூறு பேர், பாதிக்குப் பாதி பெண்கள். பாடம் கெடக்கூடாது என்று கடைசிப் பீரியடில்தான் அனுமதி. மூன்று மணிக்கு அளவு. கையேட்டின் முதல் விதி அவளுக்கு இன்னும் மனப்பாடம்: குழந்தைகளின் அன்றாடப் பழக்கத்தை மாற்றக் கூடாது, அப்போதுதான் உண்மையான இயல்பு கிடைக்கும். அவள் மாற்றவில்லை. தண்ணீர் குடி என்று ஒரு பிள்ளையிடமும் சொல்லவில்லை. காய்ந்த உதடுகளோடு வரிசையில் நின்ற இருநூறு பெண்களின் ரத்தத்தையும் சதையையும் அளந்து, இதுதான் ஆரோக்கியம் என்று எழுதிக் கொடுத்தாள். அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அது எழுதக்கூடிய விஷயம் என்று தோன்றவே இல்லை.

பிறகு மற்ற மாவட்டங்களிலும் அளந்தார்கள். எல்லா ஊரிலும் ஒரே எண்தான் வந்தது, அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பெண் குழந்தைகளின் ரத்தம் இயற்கையாகவே சற்றுக் கெட்டி என்று ஒரு பெரிய டாக்டர் கட்டுரைகூட எழுதினார்.

கட்டிலில் கிடக்கிற பிள்ளையின் ரத்தம் இந்த நிமிடம் கெட்டியாகிக்கொண்டிருக்கிறது. பட்டி அதைப் பார்க்கிறது. பார்த்துவிட்டு, பெண் பிள்ளைக்கு இவ்வளவுதான் இருக்கும் என்று பச்சை காட்டுகிறது.

"சார்!" என்று அவள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. பிரதாபன் ஓடிவந்தார்.

அவள் மூச்சு வாங்கச் சொன்னாள். அவர் கேட்டார். ஆனால் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றார்.

"இருங்க சிஸ்டர். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு குழந்தை ஏன் தண்ணி குடிக்காம இருக்கணும்? தாகம் எடுக்காதா? இந்த வெயில்ல?"

அவர் மேல் தப்பில்லை, அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. செண்பகவல்லி வார்டைச் சுற்றிப் பார்த்தாள். எட்டுப் பெண் பிள்ளைகள், எட்டுத் தாய்மார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பைத் திருகினாள். ஒருத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பட்டியைப் பற்றிக் கேட்டவள் தலையைக் குனிந்துகொண்டாள். எல்லோருக்கும் தெரியும், ஒரு வாயும் திறக்கவில்லை.

தரை துடைத்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சிதான் மாப்பைச் சுவரில் சாத்திவிட்டு நிமிர்ந்தாள். "குடிச்சா ஒண்ணுக்குப் போகணும்லா சார். எங்க போவாக? நீங்க ஆம்பளைக, செவுத்துப் பக்கம் திரும்பி நின்னா முடிஞ்சு போச்சு. நான் படிச்சது அஞ்சாங்கிளாஸு. அந்த அஞ்சு வருஷமும் பள்ளிக்கூடத்துல பச்சத்தண்ணி பல்லுல பட்டதில்ல. ஏன், இங்க நர்ஸம்மாமாரு மட்டும் டூட்டியில குடிக்காகளா? கேளுங்களேன்."

பிரதாபனின் முகம் வெளுத்தது. "சரி... சரி. நான் சீஃப்கிட்ட பேசிடறேன். அஞ்சு நிமிஷம். அவர் சொல்லாம அட்டவணையை மீற முடியாது" என்று போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

செண்பகவல்லி தன்ஷிகாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி விரலுக்கு அடியில் நூலாக ஓடியது. பிள்ளை புரளுவதை நிறுத்தியிருந்தாள். அந்த அசையாமை எதன் அறிகுறி என்று அவளுக்குத் தெரியும். அனுசியாவும் இப்படித்தான் திடீரென்று சமத்தாகிப் படுத்தாள். இங்கே ஐந்து நிமிடம் இல்லை.

கட்டில் தலைமாட்டில் இருந்த டேப்லெட்டை எடுத்தாள். பிள்ளையின் பெயர், வயது, எடை. அதற்குக் கீழே பெண் என்ற கட்டத்தில் டிக். பதிவில் தப்பு இருந்தால் திருத்த நர்ஸுக்கு உரிமை உண்டு. தான் நினைத்தது பொய்யாக இருந்தால், இந்தப் பம்ப் இப்போது ஏற்றப்போகிற தண்ணீர் மகளின் நுரையீரலில் நிறையும். பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே மூழ்கடித்தவள் ஆவாள். அவளுக்கு அப்படி ஒரு பயம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

ஆண் என்ற கட்டத்தைத் தொட்டாள்.

பட்டியில் பச்சை அணைந்தது. மஞ்சள் வரவே இல்லை. சிவப்பு எரிந்தது. அலாரம் அலற, பம்ப் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

பிரதாபன் பாய்ந்து வந்தார். "என்ன பண்ணினீங்க? யார் சொல்லிப் பண்ணினீங்க?" அவர் கை பம்பின் நிறுத்தும் பொத்தானுக்குப் போனது.

"காலைத் தொட்டுப் பாருங்க சார். மெஷின வேண்டாம், உங்க கையால தொட்டுப் பாருங்க. அப்புறம் நிறுத்துங்க."

ஒரு கை பொத்தானில் இருக்க, மறு கையால் அவர் பிள்ளையின் பாதத்தைப் பிடித்தார். கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தார். வெளுத்த நகம் சிவக்க ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே போனார். ஏசி குளிருக்கு அவ்வளவு நேரம் ஆகாது. பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இன்னொரு டிரிப் லைன் போடணும். சீக்கிரம்" என்றார்.

பட்டியைப் பற்றிக் கேட்டவள் தன் நான்கு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "சிஸ்டர், எம் பிள்ளையையும் பையன்னு போட்டுருங்க." அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டங்களை மாற்றினார்கள். எட்டில் மூன்று சிவப்பு, இரண்டு மஞ்சள். கொஞ்ச நேரத்துக்கு முன்வரை பச்சையாக, அமைதியாக இருந்த அந்த அறை ஒரே அலாரச் சத்தமாக மாறியது. முத்துப்பேச்சி வாயில் கைவைத்து நின்றாள்.

ஐந்தேகால் மணிக்குத் தன்ஷிகா உதட்டை அசைத்தாள். செண்பகவல்லி காதை வாயருகே கொண்டு போனாள்.

"அம்மா, ஒண்ணுக்கு வருது."

உலகத்தில் எந்தத் தாயும் அந்த வார்த்தைக்காக அவ்வளவு அழுதிருக்க மாட்டாள்.

பிள்ளைகள் பிழைத்தார்கள். செண்பகவல்லி பதினோரு நாள் தயங்கிவிட்டு, ஒரு காலையில் இசக்கியம்மாளின் வீட்டைத் தேடிப் போனாள். கும்பிட்டு அழுது எல்லாவற்றையும் சொன்னாள். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தாள். இசக்கியம்மாள் முழுவதையும் கேட்டாள். உள்ளே போய் ஒரு பழைய நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்தாள். அனுசியாவின் நோட்டு.

"நான் லேட்டாக் கொண்டாரலன்னு இதுல எழுதிக் குடுங்க. நீங்க அன்னைக்குக் கத்துனதத்தான் எம் வீட்டுக்காரரும் சொன்னாரு, அவரப் பெத்தவுகளும் சொன்னாக. அவரு இந்த வீட்டுப் பக்கம் வந்து எட்டு மாசம் ஆச்சு."

செண்பகவல்லி எழுதினாள். தேதி போட்டு, தன் முழுப்பெயரும் போட்டாள். இசக்கியம்மாள் அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் நோட்டை அப்படியே மூடி வைத்துக்கொண்டாள்.

பிரதாபன் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்துக்கு மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஒரே ஒரு பள்ளியில் மறு அளவு எடுத்து அனுப்ப வேண்டும். வேறுபாடு இருந்தால் பரிசீலிக்கப்படும். அதுவரை எல்லா மருத்துவமனைகளிலும் பழைய அட்டவணையே தொடரும். கடிதத்தோடு கையேடும் வந்தது, முதல் விதி அப்படியே இருந்தது. பிரதாபன் அதைப் படித்துவிட்டுச் செண்பகவல்லியைப் பார்த்தார். அவள் பட்டிகளை எடுத்துப் பையில் வைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை மெர்சி ராஜாத்தி காபி கொடுத்து வரவேற்றார். "கடைசிப் பீரியட் பிள்ளைங்களை வரிசையா நிறுத்திரட்டுமா சிஸ்டர்?"

"அளவு பத்து நாள் கழிச்சு எடுக்கேன் டீச்சர். முதல்ல சாவியக் குடுங்க."

"எந்தச் சாவி?"

செண்பகவல்லி அவர் மேஜையின் இரண்டாம் டிராயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெர்சி ராஜாத்தியும் அங்கே படித்த பெண்தான். டிராயரைத் திறந்தார்.

முத்துப்பேச்சி லீவு போட்டுவிட்டு வந்து கழிப்பறையைக் கழுவிக் கொடுத்தாள். பத்து நாளும் கதவு திறந்திருந்தது. முதல் இரண்டு நாள் பிள்ளைகள் நம்பவில்லை. மூன்றாம் நாளிலிருந்து பாட்டில்கள் மத்தியானமே காலியாயின. பதினோராம் நாள் மூன்று மணிக்கு இருநூறு பெண்களையும் அளந்தாள். பையன்களின் எண்ணுக்கும் அவர்களின் எண்ணுக்கும் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. கிளம்பும்போது வாட்ச்மேன் குறைபட்டுக்கொண்டார். "என்னன்னே தெரியல தாயி, இந்தப் புங்கமரம் ஒரு வாரமா இலையாக் கொட்டுது. இத்தன வருஷத்துல இப்படி வாடிப் பாத்ததில்ல."

அளவு எழுதிய தாள்களைத் தபாலில் அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. மறுநாள் வார்டு வேலையைப் பாதியில் மாற்றிக் கொடுத்துவிட்டு, தானே கொண்டுபோய்க் கொடுக்க மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறினாள். வெளியே மழை மூட்டம் போட்டிருந்தது. மழை பெய்து ஒரு வாரத்தில் கொசு வரும், அதற்கு அடுத்த வாரம் காய்ச்சல் வரும் என்று மனம் தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது.

முதல் ஊரில் பஸ் நின்றது. ரோட்டோரம் ஒரு பள்ளிக்கூடம். கருவேலமும் பொட்டலுமாகக் கிடந்த அந்த இடத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம் மட்டும் தளதளவென்று நின்றது. அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாதாமரம், வெறும் கட்டாந்தரையில் அப்படி ஒரு பச்சை. அதற்கு அடுத்த ஊரில் கொன்றை. பார்க்க வேண்டாம் என்று கண்ணை மூடினாலும் பஸ் நிற்கிற இடமெல்லாம் கண் தானாகத் திறந்தது.

ஏழாவது மரத்துக்குப் பக்கத்தில் பஸ் மெதுவாகப் போனது. நாலேகால் மணி, பள்ளிக்கூடம் விட்டிருந்தார்கள். பச்சைப் பாவாடை கட்டிய பெண்கள் மரத்தைச் சுற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். தண்ணீர் வேரில் நெடுநேரம் கொட்டிக்கொண்டே இருந்தது. "ஏ பிள்ள, குடி!" என்று செண்பகவல்லி ஜன்னல் வழியாகக் கத்தினாள். அவள் நிமிர்ந்து பார்த்து, யாரோ தெரிந்தவர் என்று நினைத்துக் கையை ஆட்டினாள்.

பஸ் வேகமெடுத்தது. செண்பகவல்லி தாள்கள் இருந்த கவரை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலைநகர் போய்ச் சேர இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கண்டக்டரிடம் கேட்டாள். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார் அவர். அதற்குள் ஆபீஸ் பூட்டியிருப்பார்கள்.